வாசகர் கேள்வி பதில்: பழைய மாதிரிகளும் புதிய செயலமர்வுகளும்

சென்ற இதழில், இயற்கை வரலாற்றுச் சேகரிப்புகளைப் பராமரிக்கவும் எண்ணிமப்படுத்தவும் (படமும் தரவுமாகக் கணினியில் ஏற்றவும்) சொல்லித்தரும் தொழில்முறைச் செயலமர்வுகளைப் பற்றி ஒரு சின்னக் குறிப்புத்தான் எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து மனம் நிறைந்துபோனது. செடி, பூச்சி, பறவை, சிப்பி, பாறை என்று யாரோ எப்போதோ சேர்த்துப் பெயரெழுதி வைத்தவற்றைப் பற்றி இத்தனை பேர் யோசிக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம். இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: விலங்கியலில் பட்டம் முடித்துவிட்டு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். "சேகரிப்பு முகாமைத்துவமும் எண்ணிமப்படுத்தலும்" என்று மூன்று நாள் செயலமர்வு ஒன்றுக்கு அறிவித்தல் வந்திருக்கிறது. லீவு எடுத்துப் போவது பிரயோசனமா, அல்லது சான்றிதழோடு முடிந்துவிடுமா?
*ஒரு வாசகி, வெள்ளவத்தை*

போகலாம் தங்கச்சி, ஆனால் லீவு போட முன் நிகழ்ச்சி நிரலை எடுத்து ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். மூன்று நாளும் மண்டபத்துக்குள் இருந்து திரையைப் பார்ப்பதுதான் வேலை என்றால் அதை வீட்டில் இருந்தே படிக்கலாம். ஜீபிஃப் என்ற உலக உயிர்ப்பல்வகைமைத் தகவல் அமைப்பு 2001இல் தொடங்கியது, செயலகம் கோபன்ஹேகனில் இருக்கிறது, அதன் பயிற்சிப் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஐடிக்பயோ திட்டமும் எண்ணிமப்படுத்தல் பற்றிக் காசில்லாமல் நிறைய வகுப்பு நடத்தியிருக்கிறது. லீவும் காசும் செலவழித்து நேரில் போவது எதற்கென்றால், இழுப்பறையைத் திறந்து மாதிரியைக் கையில் எடுக்கும்போது அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று "பூச்சியைத் தொடாதே, ஊசியைப் பிடி" என்று சொல்லித் தருவதற்குத்தான். அதைத் திரை சொல்லித் தராது. ஆகவே நிரலில் ஒரு முழு நாளாவது உண்மையான சேகரிப்புக்கு முன்னால் நிற்கும் நாளா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள், கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

இரண்டாவது, வரிசை. எண்ணிமப்படுத்தல் என்றதும் எல்லோருக்கும் கமெராதான் ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டால் கமெரா கடைசி. முதலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், பிறகு இருப்பது பழுதாகாமல் நிற்க வேண்டும், பிறகு லேபிளைச் சரியாக வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் படம். கொழும்பில் ஈரப்பதன் வருடம் முழுக்க 80 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. 65, 70 வீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த செடி ஒட்டிய தாள்களைத் தின்னும் பூச்சிகளில் முக்கியமானது, நம் சமையலறையில் மல்லித்தூள் போத்தலுக்குள் திரியும் அதே சின்னப் பழுப்பு வண்டுதான். தாளில் ஊசிமுனை அளவு ஓட்டை, பக்கத்தில் மெல்லிய தூள், அவ்வளவுதான் அடையாளம். அதைக் கண்டதும் என்ன செய்வது என்று சொல்லித் தராமல் ஸ்கேனரை மட்டும் காட்டும் செயலமர்வால் நமக்குப் பெரிய லாபமில்லை. நஞ்சடிக்காமல் செய்யக்கூடியது உறையவைப்பது. பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி மறை 20 பாகை செல்சியசில் இரண்டு வாரம், மறை 30 என்றால் மூன்று நாள் போதும் என்பார்கள். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால் வியர்க்கும் நீர் பைக்கு வெளியில் நிற்கும், அவசரப்பட்டுத் திறந்தால் செடியின் மேல் நிற்கும்.

மூன்றாவது, தரவு. டார்வின் கோர் என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது, 2009இல் முறைப்படி ஏற்கப்பட்டது. என்ன இனம், எங்கே, எப்போது, யார் சேர்த்தது, எந்த இலக்கம் என்பதையெல்லாம் உலகம் முழுக்க ஒரே பெயருள்ள பத்திகளில் எழுதுவதற்கான ஏற்பாடு. அதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், லேபிளில் உள்ளதை எழுத்து மாறாமல் ஒரு பத்தியிலும் அதை நாம் எப்படி விளங்கிக்கொண்டோம் என்பதை வேறொரு பத்தியிலும் எழுதச் சொல்வது. பழைய இயற்கையியலாளர்கள் மாதத்தை ரோம எண்ணில் எழுதுவார்கள், 4.iii.09 என்று. அதை அப்படியே ஒரு பத்தியில் வைத்துவிட்டு, சேகரித்தவர் எந்தக் காலத்தவர் என்று பார்த்து 1909-03-04 என்று அடுத்ததில் எழுத வேண்டும். நேரே திருத்தி எழுதிவிட்டால், நாம் பிழைவிட்டோமா அவர் பிழைவிட்டாரா என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. எக்செல்லை நம்பித் தட்டுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அதன் நாட்காட்டி 1900இல்தான் தொடங்குகிறது, அதற்கு முந்திய திகதிகளை அது திகதியாக ஏற்காது, பிந்தியவற்றில் நாளையும் மாதத்தையும் தன் பாட்டுக்கு மாற்றிவிடும். வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் போடுவது பாதுகாப்பு.

கடைசியாக, வளவாளரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: செயலமர்வில் நாங்கள் உருவாக்கும் பதிவுகள் அடுத்த மாதம் எங்கே இருக்கும், யார் பொறுப்பு? இதற்குத் தெளிவான பதில் இருந்தால் அது நல்ல செயலமர்வு.

கேள்வி: எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு பழைய அலுமாரி. பாடம்பண்ணிய பறவைகள், பாம்பும் தவளையும் உள்ள போத்தல்கள், வண்ணத்துப்பூச்சிப் பெட்டி ஒன்று, எல்லாம் தூசி. எறியச் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் கொண்டு துடைத்துக் கண்காட்சிக்கு வைக்கலாம் என்பது என் எண்ணம்.
*விஞ்ஞான ஆசிரியை, கொட்டாஞ்சேனை*

எறிய வேண்டாம் டீச்சர். ஆனால் பிள்ளைகளைக் கொண்டு துடைக்கவும் வேண்டாம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பறவைகளையும் விலங்குகளையும் பாடம்பண்ணும்போது பூச்சி வராமல் இருக்க ஆர்செனிக் சேர்ந்த சவர்க்காரத்தைத் தோலின் உட்புறம் பூசும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டு நடந்துகொண்டிருந்த காலம் வரை இருந்தது. பழைய பறவையின் கண்ணைச் சுற்றி, அலகின் அடியில், கால் மூட்டில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அதைத் தூசி என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள். தெரியாவிட்டாலும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பழைய உலர்தாவரத் தாள்கள் இருந்தால் அவற்றிலும் இரசக் குளோரைட்டு பூசியிருக்கலாம். நைட்ரைல் கையுறை, முகக்கவசம், பெரியவர் மட்டும், யன்னல் திறந்த அறை.

போத்தல்களில் இருப்பது ஃபோர்மலினா மதுசாரமா என்று மணந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபோர்மலினில் இருக்கும் ஃபோர்மல்டிகைட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. மதுசாரம் என்றால் அது இலகுவில் தீப்பற்றும். எதையும் தொட்டியில் ஊற்ற வேண்டாம், எதுவென்று தெரியாமல் மேலே நிரப்பவும் வேண்டாம். மதுசாரப் போத்தலில் இன்னொரு விஷயம் இருக்கிறது: ஆவியாகும்போது மதுசாரம் முதலில் போய் தண்ணீர் மிஞ்சுகிறது. ஆகவே மட்டம் இறங்கிய போத்தலில் மிச்சமிருப்பது முதலில் ஊற்றிய 70 வீத மதுசாரம் இல்லை, அதைவிடக் குறைவு. அதற்குள் திரும்பத் திரும்ப 70 வீதத்தையே ஊற்றினால் பலம் குறைந்துகொண்டே போய் ஒரு நாள் மாதிரி அழுகத் தொடங்கும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஒன்றையும் அசைக்காமல் ஒவ்வொன்றையும் இருக்கும் இடத்திலேயே தொலைபேசியால் படமெடுப்பது, லேபிளோடு சேர்த்து. விழுந்து கிடக்கும் லேபிள் துண்டுகளைக் கூட்டிக் குவிக்க வேண்டாம். எந்தத் தட்டில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அது எதனுடையது என்று கண்டுபிடிக்க மிச்சமிருக்கும் ஒரே வழி. போத்தலுக்குள் மிதக்கும் கடுதாசியை வெளியே எடுக்க வேண்டாம், அது உள்ளே இருக்கத்தான் வேண்டும். புதிதாக எழுத நேர்ந்தால் பென்சிலால் எழுதுங்கள், போல்பொயின்ற் மை மதுசாரத்தில் கரைந்துவிடும்.

பிறகு அலுமாரியைப் பூட்டிவிட்டு அந்தப் படங்களோடு ஒரு கடிதம் எழுதுங்கள். கொழும்பு 7இல் தேசிய நூதனசாலைக்குப் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது, பல்கலைக்கழக விலங்கியல் துறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அவர்கள் ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடமும் திகதியும் எழுதிய ஒரு பழைய பறவை என்றால், அந்த இனம் அந்த வருடத்தில் அந்த ஊரில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி, அதை உங்கள் அதிபரிடமும் சொல்லுங்கள். காலியான தட்டை நிரப்பப் புதிதாக எதையும் பிடிக்க வேண்டாம். காட்டு விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்க 1937ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது.

கேள்வி: கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பதுதான் என் தொழில். நல்ல கமெரா, மெக்ரோ லென்ஸ், லைற் எல்லாம் உண்டு. இந்த வேலைக்கு நான் பொருந்துவேனா?
*ஒரு புகைப்படக் கலைஞர், தெஹிவளை*

கருவிகள் தாராளமாகப் போதும் தம்பி, பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் தொழிலில் ஒவ்வொரு படமும் தனியாக அழகாக இருக்க வேண்டும், இங்கே ஆயிரம் படமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே வெளிச்சம், ஒரே உயரம், சட்டத்துக்குள் அளவுகோல், நிற அட்டை, பதிவிலக்கம் மூன்றும் கட்டாயம். பின்னணியை மங்கவைப்பது, நிறத்தைக் கூட்டுவது, ஓரத்தை வெட்டுவது எதுவும் கூடாது. உலர்தாவரத் தாள் என்றால் அங்குலத்துக்கு 600 புள்ளி என்பது பல நிறுவனங்கள் கடைப்பிடிக்கும் அளவு. அந்த அளவில் இலையின் மயிர் தெரியும், பென்சிலால் எழுதி அழித்த எழுத்தும் சிலவேளை தெரியும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு இணையத்துக்குச் சிறிய பிரதி எடுக்க வேண்டும். கோப்பின் பெயர் மாதிரியின் இலக்கமாகவே இருக்கட்டும், கமெரா போடும் பெயரோடு விட்டால் ஒரு வாரத்தில் எது எதுவென்று தெரியாது.

பூச்சிகளில்தான் கைவேலை அதிகம். ஒரே ஊசியில் மேலே பூச்சியும் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நான்கு குட்டி லேபிள்களும் குத்தியிருக்கும். வாசிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி, படமெடுத்து, பழைய ஓட்டையிலேயே பழைய வரிசையிலேயே திரும்பக் குத்த வேண்டும், ஏனென்றால் எந்த லேபிள் முந்தியது எது பிந்தியது என்பதும் தகவல்தான். உணர்கொம்பு தும்பைவிட மெல்லியது, மூச்சுப் பட்டாலே முறியும். ஒரு செயலமர்வில் இதைக் கையால் பழகிவிட்டு வந்தீர்கள் என்றால் உங்களைப் போன்ற ஒருவரைச் சும்மா விடமாட்டார்கள்.

சேமிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு கட்டடத்தில். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, அவற்றில் வேறு பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. 2018 செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய நூதனசாலை எரிந்தது, அங்கே இருந்தவை ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருட்கள். நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நில அளவைத் திணைக்களத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவன். வன்னியிலும் மன்னாரிலும் நடக்காத இடமில்லை. உயிரியல் ஒரு சொல்லும் தெரியாது. இந்தச் செயலமர்வுகளில் எனக்கு ஏதும் இடமிருக்கிறதா, அல்லது இளம் ஆட்களுக்கு மட்டும்தானா?
*ஒரு வாசகர், பம்பலப்பிட்டி*

ஐயா, இந்த முறை வந்த கடிதங்களில் உங்களுடையதை வாசித்துவிட்டுத்தான் எனக்கு எழுதும் ஆசையே வந்தது. இந்த முழு வேலையிலும் ஆள் கிடைக்காத இடம் எதுவென்று கேட்டால் நீங்கள் கேட்டிருக்கும் இடம்தான்.

ஒரு பழைய லேபிளை எடுத்துக்கொள்வோம். "மாங்குளத்துக்கு வடக்கே 3 மைல்" என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். இதை அகலக்கோடு, நெடுங்கோடாக மாற்றினால்தான் வரைபடத்தில் புள்ளி விழும், மழையோடும் காட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஆனால் மாங்குளத்தில் எங்கிருந்து 3 மைல்? சந்தியிலிருந்தா, ரயில் நிலையத்திலிருந்தா? வீதி வழியாகவா, பறவை பறக்கும் நேர்கோட்டிலா? மைல்கல்லைப் பார்த்து எழுதினாரா, மனக்கணக்கா? அதனால்தான் இந்தத் துறையில் ஒரு புள்ளியை மட்டும் கொடுப்பதில்லை, அந்தப் புள்ளியைச் சுற்றி எத்தனை மீட்டருக்குள் உண்மையான இடம் இருக்கலாம் என்ற ஆரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். புள்ளி–ஆரை முறை என்று அதற்குப் பெயர், 2004இலிருந்து பரவலாகப் பாவிக்கப்படுகிறது. ஆரை எழுதாத புள்ளியைப் பார்க்கிறவர் அதைத் துல்லியமானது என்று நம்பிவிடுவார், அது லேபிள் இல்லாததை விடவும் சில நேரம் கெடுதல்.

எல்லைகளும் நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. 1873இல்தான் வடமத்திய மாகாணம் பிரிந்தது, அதற்கு முந்திய லேபிளில் "வட மாகாணம்" என்றிருந்தால் அது அனுராதபுரப் பக்கமாகவும் இருக்கலாம். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. 1970ஆம் ஆண்டுச் செடி ஒன்றில் "யாழ்ப்பாண மாவட்டம்" என்று எழுதியிருப்பதைக் கண்டு கணினி முன் இருக்கும் பிள்ளை புள்ளியைக் குடாநாட்டுக்குள் வைத்துவிட்டால், ஆனையிறவுக்குத் தெற்கே வளர்ந்த செடி கடல்நீரேரியைத் தாண்டி வந்துவிடும். இணையத்தில் தேடினால் இதெல்லாம் வராது ஐயா. ஒரே பெயரில் இரண்டு மூன்று குளங்கள் இருப்பதும், இடம்பெயர்ந்த சனம் புதிய இடத்துக்குப் பழைய ஊரின் பெயரை வைத்ததும், எந்த வாடிவீடு எந்த மைல்கல்லில் இருந்தது என்பதும், அந்த மைல்கற்கள் போய்க் கிலோமீட்டர்க் கற்கள் வந்தபோது என்ன மாறியது என்பதும் உங்களைப் போன்றவர்களின் தலைக்குள்தான் இருக்கின்றன. ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் பழைய வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர்களே இப்போது குறைவு. நம் பழைய நில அளவைக்கு அடிப்படையான கண்டவளைத் தளத்தில் எடுத்த ஆள்கூறுகளை ஜீபிஎஸ் பாவிக்கும் தளத்துக்கு மாற்றாமல் அப்படியே தட்டினால் நூறு இருநூறு மீட்டர் விலகிவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் செயலமர்வுக்கு வரும் உயிரியல் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

தட்டும்போது வரும் பிழைகளைப் பிடிப்பதும் உங்கள் கண்ணுக்கு இலகு. கொழும்பின் 6.9 வடக்கையும் 79.9 கிழக்கையும் மாறித் தட்டிவிட்டால் புள்ளி நோர்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் ஆர்க்டிக் கடலில் விழுகிறது. வெறுமையாக விட்ட பெட்டியைக் கணினி பூச்சியம், பூச்சியம் என்று எடுத்தால் ஆபிரிக்காவுக்கு மேற்கே கடலில் விழும். உலகத் தரவுத்தளங்களில் இப்படிப்பட்ட பதிவுகள் உண்மையிலேயே கிடக்கின்றன.

ஆகவே, இடங்குறித்தல் (லேபிளில் உள்ள இடத்துக்கு ஆள்கூறு காண்பது) என்று நிரலில் ஒரு அமர்வு இருக்கிற செயலமர்வாகப் பார்த்து, பங்குபற்றுநராகவே விண்ணப்பியுங்கள், என்ன வேலை செய்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். உயிரியல் பட்டம் கட்டாயம் என்று போட்டிருந்தாலும் ஏற்பாட்டாளர்களோடு ஒருமுறை பேசிப் பாருங்கள். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி 1903 முதல் 1906 வரை வெளிவந்த பெரிய அறிக்கை ஒன்று இருக்கிறது, அதிலும் பழைய சேகரிப்பாளர்களின் குறிப்புகளிலும் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய இடங்களோடு பொருத்தி ஒரு பட்டியல் போட்டாலே எத்தனையோ பேருக்கு உதவும். அதற்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை, மேசையும் வரைபடமும் போதும்.

கேள்வி: நல்ல படமும் தரவும் எடுத்தாகிவிட்டால் அசலை எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு வைத்திருக்க வேண்டும்? என் நண்பனோடு இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம்.
*பல்கலைக்கழக மாணவர், மருதானை*

உங்கள் நண்பர் அசலை வைத்திருக்கச் சொன்னவர் என்றால் அவர் பக்கம்தான் நான். பிரித்தானியாவில் 1967இல் ஒருவர் சேகரிப்புகளில் இருந்த வல்லூறு முட்டை ஓடுகளை எடைபோட்டுப் பார்த்தார். 1940களின் பிற்பாதியிலிருந்து ஓடு மெலிந்துகொண்டே வந்தது தெரிந்தது, டிடிடி போன்ற பூச்சிகொல்லிகளின் விளைவு அது என்பது அதன்பின் உறுதியானது. அந்த முட்டைகளில் பழையவற்றைச் சேர்த்தவர்கள் காலத்தில் டிடிடி என்ற ஒன்றைக் கேள்விப்பட்டவரே இல்லை. படத்தை எடைபோட முடியாது, படத்திலிருந்து மரபணு எடுக்க முடியாது, நாளைக்கு யார் என்ன கேள்வியோடு வருவார்கள் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. கெலார்ட் என்ற இராணுவ மருத்துவர் 1853இல் விவரித்த ஒரு புதர்த்தவளை, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவர் வைத்திருந்த மாதிரி தொலைந்துபோனது, எழுத்து மட்டும் மிஞ்சியது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அதை யாரும் காணவில்லை, அழிந்துவிட்டது என்றே எழுதினார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கண்டார்கள், 2013இல் அறிவித்தார்கள். அசல் கையில் இல்லாததால் இது அதுதான் என்று காட்ட அந்தப் பழைய வரிகளைத்தான் நம்பவேண்டியிருந்தது. இன்னும் பல இலங்கைத் தவளை இனங்களுக்கு உலகில் மிஞ்சியிருப்பதே போத்தலுக்குள் இருக்கும் பழைய உடல்கள்தான்.

எண்ணிமப் பிரதி எதற்கென்றால், தூரத்தில் இருப்பவர் பார்ப்பதற்கு. 1670களில் கொழும்பில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இருந்த ஹெர்மன் இங்கே சேர்த்த செடிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. உயிரினங்களுக்கு அறிவியற் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியது அவற்றைப் பார்த்துத்தான். அவை எங்கள் மண்ணின் செடிகள், லண்டனுக்குப் போகாமல் மருதானையில் இருந்தே நீங்கள் இன்று அவற்றைத் திரையில் பார்க்கலாம். நூற்றாண்டுகளாக நம்மிடம் இல்லாத வசதி இது, இதற்காகவே எண்ணிமப்படுத்தலைக் கொண்டாடலாம்.

கேள்வி: எல்லாவற்றையும் இடத்தோடு இணையத்தில் போட்டால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகாதா?
*ஒரு வாசகி, வத்தளை*

ஆகும், சில இனங்களுக்கு நிச்சயமாக ஆகும். வல்லப்பட்டையையும் நட்சத்திர ஆமையையும் கடத்திப் பிடிபட்ட செய்திகள் எத்தனை வாசித்திருப்போம். அப்படிப்பட்டவற்றுக்கு உண்மையான ஆள்கூறுகளை உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டு, வெளியே மாவட்டம் அளவில் அல்லது பல கிலோமீட்டர்ச் சதுரமாக மட்டும் காட்டுவார்கள். "வேண்டுமென்றே துல்லியம் குறைக்கப்பட்டது" என்று பதிவிலேயே எழுதிவிட வேண்டும், அதுதான் நேர்மை. ஆய்வாளர் கேட்டால் யார் எவர் என்று பார்த்துக் கொடுக்கலாம். இந்த விஷயத்தை எந்தச் செயலமர்விலும் பத்து நிமிடத்தில் கடந்துபோக விடாதீர்கள்.

கேள்வி: மகள் உயர்தரம் உயிரியல் படிக்கிறா. மருத்துவம் கிடைக்காவிட்டால் நூதனசாலை வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறா. சோறு போடுமா?
*ஒரு தாய், கொழும்பு 13*

அம்மா, உள்ளதைச் சொல்கிறேன். நாட்டில் நிரந்தரப் பதவிகள் மிகக் குறைவு, வெற்றிடம் வர்த்தமானியில் வரும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரலாம். திட்ட வேலைகள் வரும் போகும். ஆசிய நாடுகளின் தரவு வேலைகளுக்கென்று ஜப்பான் சுற்றாடல் அமைச்சு பணம் கொடுத்து ஜீபிஃப் நடத்தும் நிதியம் ஒன்று இருக்கிறது, அப்படிப்பட்ட நிதி வரும்போது ஆட்களை எடுப்பார்கள், முடிந்ததும் முடிந்ததுதான். ஆனால் அவ இதில் பழகும் தரவுத்தளம், வரைபட மென்பொருள், தரவைச் சுத்தம்செய்வது எல்லாம் சுற்றாடல் ஆய்வு நிறுவனங்களிலும் விவசாயத்திலும் சுகாதாரத் துறையிலும் கேட்கப்படுகிற திறமைகள். பிள்ளை வேலையில்லாமல் நிற்பா என்று பயப்பட வேண்டாம்.

மருத்துவம் கிடைக்காவிட்டால் என்று இரண்டாம் இடத்தில் வைக்காமல் இப்போதே கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்களில் கொழும்பு 7 நூதனசாலைக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள், வசதி வந்தால் பேராதனைப் பூங்காவுக்கும், நாட்டின் தேசிய உலர்தாவரச் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. ஜீபிஃப் தளத்தில் இலங்கை என்று போட்டு, தனக்குப் பிடித்த ஒரு உயிரினத்தின் பதிவுகளை இறக்கி, எந்தப் புள்ளி கடலில் விழுகிறது, எந்தத் திகதி பிழை என்று அவவே தேடிப் பார்க்கட்டும். அதில் மணிக்கணக்காக இருக்க அவவுக்குப் பொறுமை இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.